திரும்ப அழைக்கப்படும் உரிமை

கட்டணம் செலுத்தப்படாமையால் இணைப்பு அறுந்து, எந்தக் கம்பெனியின் கணக்கிலும் இல்லாமற் போன ஒரு செல்போன்கூட, 911 என்ற மூன்று எண்களை அழுத்திய மாத்திரத்தில், ஆபத்துதவி நிலையத்துக்குக் குரலைக் கொண்டு சேர்த்தே தீரவேண்டும் என்பது அமெரிக்க ஐக்கிய நாடுகளில் வழங்கும் விதி. உயிருக்கு அபாயம் நேர்ந்து அலறுகிற மனிதனிடம் முதலில் காசு இருக்கிறதா என்று கேட்பது அதர்மம் என்பதை, லாபத்தையே குறியாகக் கொண்ட வாணிபத்தின்மீதும் அரசாங்கம் வற்புறுத்தி ஏற்றியிருக்கிறது என்ற அளவில் அது மெச்சத்தக்க விதியே. ஆயினும் அத்தகைய செல்போனுக்குச் சொந்த எண் என்று ஒன்று கிடையாது. ஆகையால் பேச்சு நடுவில் அறுந்துவிட்டால், மறுமுனையில் இருப்பவர் எவ்வளவு பதைத்தாலும் திரும்ப அழைக்க வழியில்லை. ஏழைகளுக்கு இலவசமாகவோ சகாய விலையிலோ தொலைபேசி வசதி செய்துகொடுப்பது ஒரு சமுதாயத்தின் கடமையா, அல்லது மனமிருந்தால் செய்யக்கூடிய உபகாரமா என்று ஆராயப் புகுவோர், கூவுவதற்கு உரிமை தந்து மறுகுரல் கேட்பதற்கு உரிமை தராத இந்த விதியிலிருந்தே தொடங்குவது பொருந்தும்.

அந்நாட்டில் இக்கேள்வி புதியதன்று. 1934ஆம் ஆண்டின் தகவல் தொடர்புச் சட்டமே, நியாயமான கட்டணத்தில் தேசத்து ஜனங்கள் அனைவருக்கும் இயன்ற மட்டும் இச்சேவை கிட்டவேண்டும் என்பதைத் தன் நோக்கங்களுள் ஒன்றாக முகப்பிலேயே கூறிவிட்டது. நெடுங்காலம் ஏகபோகமாக இயங்கிய ஏ.டி. அண்ட் டி. நிறுவனம் 1984இல் பல கூறுகளாகப் பிரிக்கப்பட்டபோது, அதுவரை தொலைதூர அழைப்புகளின் அதிகக் கட்டணத்தைக்கொண்டு உள்ளூர்க் கட்டணத்தைத் தாழ்த்தி வைத்திருந்த ஏற்பாடு குலைந்து, வீட்டு இணைப்புகளின் மாதக் கட்டணம் ஏறும் என்ற அச்சம் எழவே, வறியோர் அதனால் இணைப்பை இழக்கலாகாது என்று கருதி 1985இல் ‘லைஃப்லைன்’ என்ற திட்டத்தைத் தகவல் தொடர்பு ஆணையம் கொண்டுவந்தது. 2005இல் கத்ரீனா சூறாவளி நியூ ஆர்லியன்ஸைப் பாழாக்கி, சுவரோடு பதித்த தொலைபேசி சுவரோடு போகும் என்பதைக் கண்கூடாகக் காட்டிய அதே ஆண்டில், முன்பணச் செல்போன் சேவைக்கும் இத்திட்டத்தின் கதவு திறந்தது. 2016இல் இணையத் தொடர்பும் சேர்க்கப்பட்டது. இன்று ஒரு குடும்பத்துக்கு மாதம் 9 டாலர் 25 சென்ட் வரை, பயனாளியின் கைக்கு வராமல், சேவை தரும் கம்பெனிக்கு நேரே செலுத்தப்படுகிறது. மத்திய அரசு வகுத்த வறுமைக்கோட்டின் 135 சதவிகிதத்துக்குள் வருமானம் உள்ளவர்களும் (2024ஆம் ஆண்டுக் கணக்கில் தனியாள் ஒருவருக்கு ஆண்டுக்கு 20,331 டாலர்), உணவு உதவி, மெடிக்கெய்டு போன்ற வேறு சில உதவிகளைப் பெறுவோரும் இதற்குத் தகுதியுடையவர்கள்.

இதை எதிர்ப்போரின் முதல் ஆட்சேபம் எளிதில் தள்ளத்தக்கதன்று. பசிக்குச் சோறும் நோய்க்கு மருந்தும் குளிருக்குப் போர்வையும் கொடுப்பது தர்மம்; பேசுவதற்குக் கருவி கொடுப்பதும் அந்த வரிசையில் சேருமா, இப்படியே போனால் எல்லை எங்கே என்று அவர்கள் கேட்கிறார்கள். பிறர் உழைப்பில் வந்த பொருளை எடுத்துக் கொடுக்கும்போது எல்லை குறித்துக் கேட்பது குற்றமாகாது. ஆனால் தொலைபேசியைச் சோற்றோடும் போர்வையோடும் ஒப்பிடுவதில்தான் பிழை இருக்கிறது. சோறு, உண்டவன் வயிற்றோடு முடிகிறது. தொலைபேசியோ ஒருவனிடம் மட்டும் இருக்கும்போது வெறும் பொம்மை, பிறரிடமும் இருக்கும்போதே அதற்கு மதிப்பு உண்டாகிறது. பத்துப் பேருக்கு எட்டும் தொலைபேசியைவிடப் பதினோராவது ஆளுக்கும் எட்டும் தொலைபேசி அந்தப் பத்துப் பேருக்குமே மேலானது. திருவள்ளுவர் அறத்துப்பாலில் ஈகைக்கு முன்னதாக ஒப்புரவறிதல் என்ற அதிகாரத்தை வைத்திருப்பதை இங்கே நினைத்துக்கொள்வது தகும். இல்லாத ஒருவனுக்கு மனமிரங்கி இடுவது ஈகை. ஊராருடன் ஊராராக வாழ்வதன் கூறாகவே செய்யவேண்டியது ஒப்புரவு. ஊர்ப்பொதுக் குளத்திற்குக் கரை கட்டியவன், அதில் நீர் மொள்ள வருகிறவனைப் பார்த்து இரவலன் என்று சொல்வதில்லை.

மேலும், ஒரு பொருள் அவசியமா, ஆடம்பரமா என்பது அந்தப் பொருளிலேயே எழுதியிருப்பதில்லை. சுற்றியுள்ள சமுதாயம் எந்தெந்தக் கதவுகளைத் திறந்து வைத்திருக்கிறது, எவற்றைச் சாத்திவிட்டது என்பதைப் பொறுத்தது. 1990களின் நடுவில் அமெரிக்கத் தெருக்களிலும் ரயில் நிலையங்களிலும் காசு போட்டுப் பேசும் தொலைபேசிகள் 25 லட்சத்துக்கு மேல் இருந்தன. 25 சென்ட் நாணயம் ஒன்று கையில் இருந்தால் வீடற்றவனும் ஓர் அழைப்பைச் செய்துகொள்ளலாம். அவை ஒவ்வொன்றாக அகற்றப்பட்டு, நியூயார்க் நகராட்சிக்குச் சொந்தமான கடைசிப் பொதுத் தொலைபேசி 2022 மே மாதம் பெயர்த்தெடுக்கப்பட்டது. வசதியுள்ளவர்களின் சௌகரியம் செல்போனுக்கு மாறியதால் நேர்ந்த மாறுதல் இது. வசதியில்லாதவர்களை யாரும் கலந்துகொள்ளவில்லை. இதற்கிடையில் சர்க்கார் அலுவலகங்களும் வங்கிகளும் ஆஸ்பத்திரிகளும் நேரில் வருவோரைக் குறைத்துக்கொண்டு, செல்போனுக்குக் குறுஞ்செய்தியாக அனுப்பும் ரகசிய எண்ணைக் காட்டினாலன்றிக் கணக்கைத் திறப்பதற்கில்லை என்று ஏற்பாடு செய்துவிட்டன. வேலையிழந்தவன் உதவித்தொகைக்கு விண்ணப்பிக்கவே செல்போன் வேண்டும் என்று விதித்துவிட்டு, செல்போன் வைத்திருப்பவன் ஏழையா என்று கேட்பது நியாயமாகாது.

எல்லாவற்றினும் முக்கியமாகக் கருதவேண்டியது, வறியவன் பிறரை அழைப்பதைவிடப் பிறரால் அழைக்கப்படுவதையே அதிகம் நம்பி வாழ்கிறான் என்பது. கிடங்கு வேலைக்கோ ஹோட்டலில் பாத்திரம் கழுவும் வேலைக்கோ மனுப்போடுகிறவன் பூர்த்தி செய்யும் தாளில் பெயருக்கு அடுத்தாற்போல் ஒரு கட்டம் இருக்கிறது. அதில் எழுதும் எண்தான் அவன். மேலாளர் ஒருமுறை அழைத்துப் பார்ப்பார். எடுக்கவில்லையென்றால் அடுத்த தாளைப் புரட்டுவார். மாதக் கட்டணம் கட்ட முடியாமல் சேவை நின்று சில வாரங்களானால், அந்த எண் வேறொருவருக்கு ஒதுக்கப்பட்டுவிடக்கூடும். அதன்பிறகு முப்பது கடைகளில் கொடுத்துவைத்த முப்பது மனுக்களும் முகமறியாத அந்நியன் ஒருவனின் சட்டைப்பையில் மணியடிக்கும். பள்ளிக்கூடத்தில் குழந்தைக்குச் சுரம் என்று சொல்ல அழைப்பவரும், வாடகைக்கு இடம் காலியாயிருக்கிறது என்று சொல்ல அழைப்பவரும் அந்த அந்நியனையே எட்டுவார்கள். அப்படிப்பட்டவன் ஊருக்குள் இருந்தும் ஊராரின் கணக்கில் இல்லாதவன்.

திட்டத்தின் ஆரம்பகாலச் செல்போன்களில் பெரும்பாலும் கிடைத்தது மாதத்துக்கு 250 நிமிஷம்; நாளொன்றுக்கு எட்டு நிமிஷம். சர்க்கார் அலுவலகத்துக்கு அழைத்தால், காத்திருக்கச் சொல்லும் ஒரு யந்திரக் குரல், பின்பு சங்கீதம், மறுபடியும் அதே குரல் என்று நாற்பது நிமிஷம் போய்விட்டால், ஐந்து நாளின் பங்கு ஒரு வார்த்தையும் பேசாமலே தீர்ந்துபோகும். பின்னர் குறைந்தபட்ச அளவு 1,000 நிமிஷமாக உயர்த்தப்பட்டது. கொடுக்கிற அளவு, கொடுத்ததன் நோக்கத்தை நிறைவேற்றும் அளவாக இராவிட்டால், கொடுத்ததாகக் கணக்கெழுதிக்கொள்ளலாமே ஒழியக் கடமை தீர்ந்ததாகாது.

2012ஆம் ஆண்டுத் தேர்தலின்போது இச்செல்போன்களுக்கு ‘ஒபாமா போன்’ என்ற பட்டப்பெயர் பரவி, இலவசத்துக்காக வாக்கை விற்கும் சோம்பேறிகள் என்று பயனாளிகள் ஏளனத்துக்கு உள்ளானார்கள். திட்டம் பிறந்தது ரீகன் காலத்தில், செல்போனுக்கு விரிந்தது இளைய புஷ் காலத்தில் என்ற உண்மை அந்த ஆரவாரத்தில் எடுபடவில்லை. கட்சிகளின் பூசல் எப்படியிருப்பினும், பொதுநிதியிலிருந்து உதவி பெறுகிறவரைப் பழிக்கும் உரிமையும் அந்த உதவியோடு சேர்ந்து வாங்கப்பட்டுவிட்டதாக நினைக்கும் மனப்பான்மை ஆழ்ந்து வருந்தத்தக்கது. கொடுத்ததைச் சொல்லிக்காட்டுவது கொடுத்ததையே கெடுக்கும் என்பது நம் பாட்டிமார்களும் அறிந்த தர்மம்.

மோசடி என்ற ஆட்சேபத்துக்கு ஆதாரம் உண்டு. அதை மறைப்பது உண்மைக்கு விரோதம். மத்திய அரசின் தணிக்கை அமைப்பு 2017இல் வெளியிட்ட அறிக்கை, தான் பரிசீலித்த 35 லட்சம் பெயர்களுள் 36 சதவிகிதத்தினரின் தகுதியை உறுதி செய்ய இயலவில்லை என்றது. உறுதி செய்ய இயலாதவர் அனைவரும் ஏமாற்றுக்காரர் ஆகிவிட மாட்டார் என்றாலும், பொதுப்பணத்தைக் கையாள்வோருக்கு அது அழகல்ல. ஆனால் உதவித்தொகை தலைக்கு இவ்வளவு என்று கம்பெனியின் கைக்கே போகிறபோது, தலைகளின் எண்ணிக்கையைப் பெருக்கிக்காட்டும் ஆசை யாருக்கு வரும் என்பதையும் சேர்த்துப் பார்க்கவேண்டும். உபயோகத்திலேயே இல்லாத சுமார் 8,85,000 பேரின் பெயரில் பணம் பெற்றதற்காக ஸ்பிரிண்ட் நிறுவனம் 2020இல் 20 கோடி டாலர் அபராதம் செலுத்த உடன்பட்டது. அப்படியிருக்க, முறைகேட்டைத் தடுக்க இயற்றப்பட்ட விதிகள் அழுத்துவது பெரும்பாலும் ஏழையின் தோளைத்தான். ஆண்டுதோறும் தகுதியை மீண்டும் நிலைநாட்டவேண்டும்; இலவசச் சேவையை 30 நாள் பயன்படுத்தாதிருந்தால் 15 நாள் எச்சரிக்கை, அதன்பின் நீக்கம். இரண்டு மாதம் ஆஸ்பத்திரியில் நினைவிழந்து கிடந்தவன் எழுந்து வரும்போது எண்ணும் போயிருக்கும். தகுதியிருந்தும் பெரும்பாலோர் இத்திட்டத்தில் சேராமலே இருப்பதற்கு இந்தத் தொல்லைகளும் ஒரு காரணம் என்பதில் சந்தேகம் கொள்ள இடமில்லை.

இன்னோர் ஆட்சேபம் உண்டு. அரசியல் மேடைகளில் அதிகம் பேசப்படாத அதுவே உண்மையில் வலுவுடையது. இத்திட்டத்துக்கான பணம் வருமான வரியிலிருந்து வருவதில்லை. மாநில எல்லை தாண்டும் தொலைபேசிச் சேவையின் வருவாயில் ஒரு பங்காகக் கம்பெனிகளிடம் வசூலிக்கப்பட்டு, அவர்களால் வாடிக்கையாளர் ரசீதில் ஒரு வரியாகச் சேர்க்கப்படுகிறது. அண்மை ஆண்டுகளில் அப்பங்கு 30 சதவிகிதத்தையும் தாண்டிவிட்டது. கிராமப்புற இணைப்பு, பள்ளிகள், நூலகங்கள் ஆகியவற்றுக்கான செலவும் அதனுள் அடக்கம் என்பது மெய்யே. ஆயினும் கோடீசுவரனும், வறுமைக்கோட்டின் 135 சதவிகிதத்தை நூறு டாலரால் தாண்டிவிட்ட காரணத்தால் தகுதியிழந்த விதவையும், ஒரே விகிதத்தில் இதைச் செலுத்துகிறார்கள்; விதவையின் வருமானத்தில் அது பெரிய பங்கு, கோடீசுவரனுக்கு அது கண்ணிலேயே படாது. 2025 ஜூனில் உச்ச நீதிமன்றம் இந்நிதி அரசியல் சட்டத்துக்கு முரணன்று என்று தீர்ப்பளித்தது. சட்டத்துக்கு முரணில்லாதது நீதிக்கும் முரணில்லாதது என்று கொள்ள வேண்டியதில்லை. ஏழையின் கடனை அவனைவிடச் சற்றே குறைந்த ஏழையின் தலையில் ஏற்றுவது ஒப்புரவாகாது. சக்திக்கேற்ற வரியின் மூலம், பொதுக் கருவூலத்திலிருந்தே இச்செலவு நடைபெற வேண்டும்.

கருவூலத்திலிருந்து கொடுப்பதிலும் ஒரு அபாயம் இருப்பதை அந்நாடு அண்மையில் கண்டது. பெருந்தொற்றுக் காலத்தில் தொடங்கி, 1,420 கோடி டாலர் ஒதுக்கீட்டில், இணையக் கட்டணத்துக்கு மாதம் 30 டாலர் வரை உதவும் திட்டம் ஒன்று நடந்து, 2 கோடியே 30 லட்சம் குடும்பங்கள் அதில் சேர்ந்தன. காங்கிரஸ் சபை மேற்கொண்டு நிதி வழங்காமையால் 2024 பிப்ரவரியில் புதியவர்களைச் சேர்ப்பது நின்றது. ஜூன் மாதம் திட்டமே முடிவுற்றது. மகளின் பாடம், மருத்துவரின் ஆலோசனை, வேலைக்கான மனு யாவற்றையும் அந்த இணைப்பை நம்பி அமைத்துக்கொண்ட குடும்பத்துக்கு, ஒருபோதும் கொடாமல் இருந்திருந்தால் உண்டாகாத ஒரு நஷ்டத்தை அந்த முடிவு உண்டாக்கியது. பிறரை ஒன்றை நம்பி வாழப் பழக்கியவர்களுக்கு, பழக்கியதனாலேயே ஒரு பொறுப்பு வந்து சேர்கிறது.

ஒரு குடும்பத்துக்கு ஓர் இணைப்பு என்ற லைஃப்லைன் விதி, சிக்கனம் கருதி ஏற்பட்டது. குடும்பம் என்பது ஒரே மனம், ஒரே காது என்ற அனுமானம் அதில் மறைந்திருக்கிறது. கணவன் கொடுமைக்காரனாய், செல்போனும் அதன் கணக்கும் அவன் கையில் இருக்குமானால், மனைவிக்கு வரும் அழைப்புகள் முதலில் அவனையே எட்டும். காப்பகத்திலிருந்தோ வழக்கறிஞரிடமிருந்தோ வரும் ஓர் அழைப்பே அவளுக்கு உயிராபத்தாக முடியலாம். 2022இல் நிறைவேறிய ‘பாதுகாப்பான இணைப்புகள் சட்டம்’ இதைக் கண்டறிந்து, அவள் தன் எண்ணைக் கணவனின் கணக்கிலிருந்து பிரித்துக்கொள்ளவும், பணமுடையில் தவிப்பவளாயின் லைஃப்லைன் உதவியைப் பெறவும் வழிசெய்தது. அழைக்கப்படுவதற்கான உரிமை குடும்பத்துக்கு மட்டுமன்றித் தனி மனிதருக்கும் உரியது என்பதை ஒரு சட்டசபை இவ்வளவு தெளிவாக ஒப்புக்கொண்டது அரிது. ஆனால் அவ்வுதவி ஆறு மாதத்துக்கே. அதன்பின் மற்றவர்களைப்போல் வருமானச் சான்றுகளுடன் வந்து தகுதியை நிரூபிக்கவேண்டும். சொந்தச் சான்றுகளையே விட்டுவிட்டு இரவோடிரவாக வெளியேறியவளுக்கு, வழக்கு முடியவும் வீடு அமையவும் ஆறு மாதம் போதாது என்பதை அறிய அதிக அனுபவம் தேவையில்லை. மேலும் ஆறு மாதத்துக்கு அவளை அதே எண்ணில் அழைக்கக்கூடியவளாக வைத்திருக்க ஆகும் செலவு 55 டாலர் 50 சென்ட்.