பிடிபட்ட பின் என்ன செய்தாய்?

தம்பி, பத்மநாபபுரம் அரண்மனைக்கு வருகிறாயா? தேக்குச் செதுக்கலும் தரையின் கறுப்புப் பளபளப்பும் எங்கும் ஓடிவிடாது. முதலில் புலியூர்க்குறிச்சியில் இறங்கு. உதயகிரிக் கோட்டைக்குள் லத்தீனிலும் தமிழிலும் எழுத்துப் பொறித்த ஒரு கல்லறை இருக்கிறது. அதன் முன்னால் போய் நில். அப்புறம் சொல், உன் வாழ்க்கை முடிந்துவிட்டதென்று!

1741. குளச்சல் கரையில் திருவிதாங்கூர் அரசன் மார்த்தாண்ட வர்மாவின் படையிடம் டச்சுக் கம்பெனி தோற்றது. சிறைப்பட்டவர்களில் ஒருவர் டிலனாய், இருபதுகளில் இருந்த அதிகாரி. பதவி போயிற்று. விடுதலை போயிற்று. பாஷை தெரியாத சீமை. உட்கார்ந்து அழுதிருக்கலாம், யார் குறை சொல்லியிருப்பார்கள்? ஆனால் பீரங்கி, கோட்டை, படைப்பயிற்சி என்று கற்ற வித்தை அவரிடமே இருந்தது. அதை எந்த விலங்கு பூட்டும்? தன்னைப் பிடித்த அரசனின் படைக்கே பயிற்சி கொடுத்தார். உதயகிரியில் பீரங்கி வார்க்கும் உலை எரிந்தது. கைதி படைத்தலைவரானார்; ‘வலிய கப்பித்தான்’ என்று ஊர் அழைத்தது. 1777இல் சாகும்வரை 36 ஆண்டுகள்! அந்தக் கல்லறை அவருடையதுதான். கட்சி மாறினவர்தானே என்று உதடு பிதுக்குவோர் உண்டு. பிதுக்கட்டும்.

ரோமில் அடிமையாக இருந்த எபிக்டெட்டஸ் மாணவர்களுக்கு அடித்துச் சொன்னதும் இதுதான்: உடம்பு, சொத்து, பேர், பதவி எதுவும் உன் அதிகாரத்தில் இல்லை, எதை ஏற்பது, எதை மறுப்பது என்கிற தீர்மானம் மட்டுமே உன்னுடையது. அவர் போதித்த ஸ்டோயிக் தத்துவம் என்றால் வாய்மூடிக் கிடப்பது என்று எவனாவது சொன்னால் நம்பாதே. அதைத் தொடங்கிய ஜீனோ ஒரு வியாபாரி. கப்பல் உடைந்து சரக்கு போன பிறகுதான் ஏதென்ஸில் தத்துவம் படிக்க உட்கார்ந்தார் என்பார்கள்.

குரூப் 4 தேர்வில் ஒன்றரை மார்க்கில் போயிற்றா? வளைகுடா விசா கடைசி நேரத்தில் காலை வாரியதா? கட்-ஆஃப் உன் கையில் இல்லை. நாளைக் காலை எத்தனை மணிக்குப் புத்தகத்தைத் திறக்கிறாய் என்பது எவன் கையில்?

டிலனாய் வென்றார், பேசுவது சுலபம். தன்னம்பிக்கை மேடைகள் இத்தோடு கைதட்டல் வாங்கி இறங்கிவிடும். நான் இறங்கமாட்டேன். பத்மநாபபுரத்தில் அரசு வேலையிலிருந்த நட்டாலம் நீலகண்ட பிள்ளை, வீட்டில் கஷ்டத்துக்கு மேல் கஷ்டம் வந்து நொந்திருந்தபோது, டிலனாய் அவருக்கு, எல்லாம் இழந்தும் நம்பிக்கை விடாத பைபிள் யோபுவின் கதையைச் சொன்னார் என்பது இங்கே வழிவழியாக வரும் செய்தி. 1745இல் பிள்ளை வடக்கன்குளத்தில் ஞானஸ்நானம் பெற்று தேவசகாயம் ஆனார். வேலை போயிற்று, சிறை வந்தது. 1752இல் ஆரல்வாய்மொழி காற்றாடிமலையில் சுட்டுக் கொன்றார்கள். தேர்ந்துகொண்டதை அவர் விடவில்லை. 2022இல் அவரைப் புனிதர் என்று ரோம் அறிவித்தது, சரி. குண்டு பாய்ந்தபோது அப்படியொரு பட்டம் வருமென்று அவருக்கு யார் சொன்னார்கள்?

ஆகவே, ஜெயிப்பாய் என்று உனக்கு நான் வாக்குக் கொடுக்கமாட்டேன். எழுந்திரு. அந்தப் பழைய ஹால் டிக்கெட்டைக் கிழித்துப் போடு. பாடத்திட்டத்தை எடு, உனக்குக் கொஞ்சமும் பிடிக்காத பகுதியிலிருந்து ஆரம்பி.