பட்டி பார்த்த சுவர்

ஓட்டப்பிடாரத்தில் அப்பா கட்டிய வீட்டை விற்பதென்று போன வருஷம் முடிவானது. அப்பா இல்லை. அம்மாவும் எங்களோடு வந்துவிட்டார். பூட்டிக் கிடக்கிற வீட்டுக்கு எதற்கு வரி கட்டிக்கொண்டிருக்க வேண்டும் என்றார் அண்ணன். நியாயம்தான்.

பெண் பார்க்க வருகிறார்கள் என்றால் ஒரு வீடு என்ன பாடுபடுமோ, அதே பாடுதான் விற்கப்போகிற வீட்டுக்கும். பரணைக் காலி செய்தோம். ஒழுகிய குழாயை மாற்றினோம். சுவரெல்லாம் அடித்திருந்த ஆணிகளைப் பிடுங்கினோம். இதிலெல்லாம் பாவம் ஒன்றுமில்லை. விருந்தாளி வருமுன் முகம் கழுவிக்கொள்வது மாதிரி.

சிக்கல் வடக்கு அறைச் சுவரில் இருந்தது.

எங்கள் ஊர் கரிசல் பூமி. மழை பெய்தால் அந்த மண் உப்பும். வெயில் ஏறினால் சுருங்கி வெடிக்கும். அஸ்திவாரம் ஆழம் போதாத வீடுகள் மண்ணோடு சேர்ந்து ஏறி இறங்கும். ஜன்னல் மூலையிலிருந்து கூரை வரை எங்கள் சுவரில் ஒரு விரிசல். சித்திரையில் விரல் நுழையும். கார்த்திகையில் நூல் மாதிரி ஒடுங்கிவிடும். நாங்கள் வீட்டைக் காட்ட முடிவு செய்திருந்ததும் கார்த்திகையில்தான். தற்செயல் என்று சொன்னால் நம்புவீர்களா?

கொத்தனார் தடவிப் பார்த்தார். "பட்டி பாத்து ரெண்டு கோட் பெயின்ட் அடிச்சிருவோம் அண்ணாச்சி. ஒரு பயலுக்குத் தெரியாது."

அண்ணன் என்னைப் பார்த்தார். நான் கூரையைப் பார்த்தேன். பட்டி பார்த்தாயிற்று.

நான் பி.காம். படித்தவன். இந்திய ஒப்பந்தச் சட்டம் அமலுக்கு வந்தது 1872 செப்டம்பர் 1-ல். நாலே நாள் கழித்து இதே ஓட்டப்பிடாரத்தில் வ.உ.சி. பிறந்தார். அந்தச் சட்டத்தின் 17-வது பிரிவில் ஒரு குதிரை வரும். நோஞ்சான் குதிரை என்று தெரிந்தே ஒருவன் ஏலத்தில் விற்கிறான், வாயே திறக்கவில்லை. அது மோசடி ஆகாதாம். ஆனால் வாங்குவது அப்போதுதான் மேஜரான அவனுடைய மகள் என்றால்? அவளிடம் சொல்லியே ஆக வேண்டும் என்கிறது சட்டம்.

வீடு, குதிரை இல்லை. 1882-ம் வருஷத்துச் சொத்து மாற்றச் சட்டத்தின் 55-வது பிரிவு, வாங்குபவர் சாதாரண கவனத்தோடு பார்த்தும் கண்டுபிடிக்க முடியாத பெரிய குறை விற்பவருக்குத் தெரிந்திருந்தால், அதைச் சொல்லிவிட வேண்டும் என்கிறது. யோசித்துப் பாருங்கள். விரிசல் பளிச்சென்று தெரிந்தவரை, 'கண்ணைத் திறந்து பார்த்து வாங்கு' என்று சொல்ல எங்களுக்கு ஒரு வழி இருந்தது. பட்டி அந்த வழியையும் சேர்த்து அடைத்துவிட்டது.

இது புதுச் சண்டையும் இல்லை. கி.மு. 44-ல் ரோமாபுரியின் சிசரோ, கடமைகளைப் பற்றி எழுதிய புத்தகத்தில் இதே வழக்கைப் பேசுகிறார். உளுத்த மரம், அறைக்கு அறை பாம்பு; சொந்தக்காரருக்கு மட்டுமே தெரியும். சொல்லாமல் விற்கலாமா? 'வாங்கச் சொல்லிக் கட்டாயப்படுத்தினானா என்ன?' என்பது டயோஜெனஸ் என்ற தத்துவ ஞானியின் கட்சி. வழி தெரியாதவனுக்கு வழி காட்டாததைவிட மோசம் இது, தெரிந்தே குழியில் தள்ளுவது என்பது ஆன்டிபேட்டர் கட்சி. சிசரோ ஆன்டிபேட்டர் பக்கம்.

"எல்லா யாவாரத்துலயும் ரிஸ்க் உண்டும்லா?" என்றார் அண்ணன். உண்டு. தூத்துக்குடியில் 1961 வரை முத்துக்குளிப்பு நடந்தது. அரசாங்கத்தின் பங்குச் சிப்பிகளைத் திறக்காமலே ஆயிரக் கணக்கில் ஏலம் விடுவார்கள். உள்ளே முத்து இருக்குமா, வெறும் சதையா? எடுத்தவருக்கும் தெரியாது, விட்டவருக்கும் தெரியாது. அது ரிஸ்க். ஒருவனுக்குத் தெரிந்து, மற்றவனுக்குத் தெரியாமல் இருந்தால் அதற்குப் பெயர் வேறு. இதை அண்ணனிடம் சொல்லவில்லை. எனக்கும் பணம் தேவையாக இருந்தது.

விளாத்திகுளம் பக்கத்திலிருந்து ஒரு இளம் தம்பதி வந்தார்கள். வீடு பிடித்துவிட்டது. நாங்கள் சொன்ன விலைக்குத் தலையை ஆட்டினார்கள். கிளம்பும்போது அந்தப் பெண் அம்மாவிடம், "வீடு எப்படிம்மா?" என்று கேட்டாள்.

"நல்ல வீடு மகளே. சித்திரையில மட்டும் அந்த வடக்குச் சொவரு வாயத் தொறக்கும். அங்க தொட்டில் கட்டாத."

தெரிந்த இன்ஜினீயரோடு திரும்பி வந்தார்கள். 2 லட்சம் குறைத்துக் கேட்டார்கள், கொடுத்தோம். அம்மாவிடம் கோபப்பட முடியாத அண்ணன், என்னோடு ஒரு மாசம் பேசவில்லை.

அம்மா சொல்லியிருக்காவிட்டால் நான் சொல்லியிருப்பேனா? பல தடவை யோசித்துவிட்டேன். 17-வது பிரிவும் 55-வது பிரிவும் அம்மாவுக்குத் தெரியாது. ஆனால் வாசலில் வந்து நின்றவளை எடுத்த எடுப்பில் 'மகளே' என்றுதான் கூப்பிட்டார். அப்படிக் கூப்பிட்ட பிறகு மறைக்க வழி ஏது?

நான் அந்தப் பெண்ணை வந்ததிலிருந்து 'மேடம், மேடம்' என்றுதான் கூப்பிட்டுக்கொண்டிருந்தேன்.