கடந்து போகிறவருக்குக் கூரை எதற்கு?

இலங்கையில் பதுளைக்குப் பக்கம், ஹாலி-எலவை அடுத்த பொகொடவில் ஓடையொன்றின் மேல் பழைய மரப்பாலம் ஒன்று இருக்கிறது. நீளம் ஏறத்தாழ 50 அடி, அகலம் 6 அடி. இரும்பாணி கிடையாது, மர ஆணிகளே எல்லாவற்றையும் பிணைத்திருக்கின்றன. பக்கத்திலேயே பழமையான விகாரை. பதுளையிலிருந்து கண்டிக்குப் போன பழைய பாதை இந்தப் பாலத்தின் வழியேதான் சென்றது. இதன் தனிச்சிறப்பு, மேலே ஓடு வேய்ந்த கூரை.

கூரைக்கான காரணத்தைத் தச்சர்கள் உடனே சொல்லிவிடுவார்கள்: பொருத்துவாயில் மழைநீர் இறங்கினால் மரம் மக்கிவிடும். மரத்துக்காகப் போட்ட கூரைதான் வழிப்போக்கருக்கும் நிழலானது. கடக்க மட்டுமே வேண்டிய இடத்தில் ஒதுங்கவும் முடிந்தது.

இங்கேதான் சமயம் சார்ந்த ஒரு கேள்வி எழுகிறது. பௌத்த நூலான ‘மஜ்ஜிம நிகாய’த்தில் வரும் தெப்ப உவமையில், ஆற்றைக் கடந்தபின் தெப்பத்தைத் தலையில் சுமந்து திரியாதே, விட்டுவிட்டுப் போ என்கிறார் புத்தர். ‘சம்யுத்த நிகாய’த்தின் ‘வனரோப சுத்த’மோ சோலை வைப்பவர், பாலம் கட்டுபவர், தண்ணீருக்கும் தங்கலுக்கும் வழிசெய்பவர் ஆகியோரின் புண்ணியம் இரவும் பகலும் வளர்கிறது என்கிறது. ஒன்று விடச் சொல்கிறது, மற்றது கட்டச் சொல்கிறது. இரண்டும் எப்படிப் பொருந்தும்?

மதுரைக்காரர்களுக்கு விடை தேடித் தொலைவு போக வேண்டியதில்லை. மாங்குளம் மலைக்குகையில் இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முந்தைய தமிழி எழுத்துகள் உள்ளன. நெடுஞ்செழியன் காலத்தில் கணிநந்தன் என்ற சமணத் துறவிக்குப் படுக்கை வெட்டிக் கொடுத்த செய்தி அவற்றில் இருக்கிறது. வெள்ளறை வணிகக் குழுவினரின் கொடையும் பதிவாகியிருக்கிறது. அண்ணாந்து பார்த்தால் குகையின் நெற்றியில் பாறையைக் குடைந்து ஒரு விளிம்பு ஓடுகிறது. மழைநீர் உள்ளே வழியாமல் வெளியே சொட்டுவதற்காகச் செதுக்கியது அது. வீடு வாசலை விட்டு வந்தவர் நனையக் கூடாது என்று வீடு வாசலில் இருந்தவர்கள் உளி பிடிக்க வைத்திருக்கிறார்கள். துறவி தெப்பத்தை விடலாம். விடுகிறவருக்கு ஒதுங்க இடம் செய்வது இல்லறத்தாரின் பங்கு. இரண்டு அறிவுரைகளும் ஒரே ஆளை நோக்கியவை என்று எடுத்துக்கொண்டால்தான் முரண்.

புண்ணியக் கணக்குக்காகச் செய்வது சுயநலமில்லையா என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்விதான். ஆனால் பாலத்தில் அடுத்து யார் வந்து ஒதுங்குவார் என்பது கட்டியவருக்குத் தெரியாது. முகம் தெரியாதவருக்குக் கொடுப்பதில் பேரம் பேச வழியே இல்லை.

கடந்து போகிறவருக்கு ஒதுங்க இடம் தருவது மதுரை வண்டியூரில் தெய்வத்துக்கே நடக்கிறது. சித்திரைத் திருவிழாவில் வைகையில் இறங்கிய அழகர் அன்றிரவு வண்டியூர் வீரராகவப் பெருமாள் கோயிலில் தங்கி, மறுநாள் தேனூர் மண்டபத்தில் மண்டூக முனிவருக்கு மோட்சம் தருகிறார். அழகர்கோவிலிலிருந்து வரும் வழியெங்கும் அவர் தங்கிச் செல்ல நூற்றுக்கணக்கான மண்டகப்படிகள். எங்கும் நிறைந்தவருக்கு நிழல் எதற்கு என்று அங்கே யாரும் கேட்பதில்லை. சாமிக்குப் போட்ட பந்தலில் வெயிலில் வந்த சனமும் ஒதுங்கி நீர்மோர் குடிக்கிறது, பானகம் குடிக்கிறது. சாமி நகர்ந்த பிறகும் பந்தல் உடனே காலியாவதில்லை.

துறவிகள் ஒதுங்கிய குகைகளுக்கும் இப்படி ஊரார் துணை நின்றார்கள். 2024-இல் மதுரை மாவட்டம் மேலூர் வட்டாரத்தில் டங்ஸ்டன் சுரங்கத்துக்கு ஏலம் விட்டபோது, சமணர் படுக்கைகள் உள்ள அரிட்டாபட்டி மலையும் அந்தப் பரப்புக்குள் வந்தது. ஊர் ஊராக மக்கள் எதிர்த்தார்கள். மதுரை நோக்கிப் பேரணியாக வந்தார்கள். வயலும் நீர்நிலையும் போய்விடும் என்பதோடு, குகைகளும் கல்வெட்டுகளும் அழிந்துவிடும் என்பதையும் சேர்த்தே சொன்னார்கள். சமணர்கள் அல்லாத விவசாயிகள் சொன்னது அது. 2025 ஜனவரியில் மத்திய அரசு அந்த ஏலத்தை ரத்து செய்தது.