மரத்தின் குலமும் ஓசையின் பிறப்பும்

சென்ற பௌர்ணமிக் கூட்டம் முடிந்தபின் நம் சங்கத்து இளைஞர் ஒருவர் எம்மிடம் ஒரு வினா விடுத்தார். அவர் ஓய்வு வேளைகளில் தம் கையாலேயே மின்சாரக் கிதார் ஒன்றைச் செய்து வருகிறார். உடற்பகுதிக்கு உள்ளூர் மரத்தைக் கொண்ட அவர், மேற்பலகைக்கென மத்திய அமெரிக்காவில் வளரும் கொக்கோபோலோ என்னும் மரத்தின் மெல்லிய பலகை ஒன்றை வணிகர் ஒருவரிடம் வாங்கிவிட்டார். செந்நிறத்தில் கருவரி ஓடும் அழகிய மரம் அது. நம் ஈட்டி மரத்துக்கு உறவு. வாங்கியபின் அவர் மனம் அமைதி கொள்ளவில்லை. “ஐயா, அழகின் பொருட்டு அருகிவரும் மரத்தை நாடுதல் தம்மத்துக்கு ஒவ்வாத செயலாகுமா?” என்றார். அன்று யாம் தக்க விடை கூறினோமில்லை.

முதற்கண் அக்கருவியின் இயல்பை அறிதல் வேண்டும். சாதாரணக் கிதாரில் நரம்பின் அதிர்ச்சியை மேற்பலகை ஏற்றுக் காற்றுக்கு அளிக்கிறது. மின்சாரக் கிதாரிலோ எஃகுக் கம்பிகளின் கீழே காந்தமும், அதனைச் சூழ மயிரிழை போன்ற செப்புக் கம்பிச் சுருளும் உள்ளன. கம்பி அதிரக் காந்தப்புலம் மாறுகிறது. அம்மாற்றத்தால் சுருளில் மின்சாரம் பிறக்கிறது. 1831-இல் பாரடே கண்ட விதி இதுவே. நைலான் நரம்பைக் கட்டிப் பாருங்கள். மரம் எத்துணை உயர்ந்ததாயினும் அச்சுருள் ஒன்றையும் கேளாது.

அங்ஙனமாயின் உடலைக் குடைவானேன்? பெரும்பாலும் தோளின் பொருட்டு. கெட்டி மரத்தாலான கிதார் 4 கிலோவுக்கு மேலும் எடை காட்டும். ஆகவே இருபுறமும் அறைகள் குடைந்து மேற்பலகையால் மூடுவர். முழுவதும் குடைந்துவிட்டாலோ, ஒலிபெருக்கியிலிருந்து வரும் ஓசையே உடலைத் திரும்ப அதிரச் செய்து ஊளையிடும். அதனால் குதிரையும் காந்தச் சுருள்களும் அமரும் நடுப்பகுதியைக் கெட்டியாகவே விட்டுவைப்பர். அமெரிக்காவின் பெண்டர் நிறுவனத்தார் 1968-இல் உடல் குடைந்த டெலிகாஸ்டரை வெளியிட்டதற்கும் மரத்தின் பளுவே காரணம்.

லெஸ் பால் என்னும் வாத்தியக்காரரின் கதையும் ஈண்டு நினையத்தக்கது. 1940-ஐ ஒட்டிய ஆண்டுகளில் அவர் நான்கங்குலப் பைன் மரக்கட்டை ஒன்றில் கம்பி கட்டி மின்சாரத்தால் ஒலிக்கச் செய்தார். கேட்டவர் எவரும் அதனைப் பொருட்படுத்தவில்லை. பின் வேறொரு கிதாரின் உடலை இரண்டாக அறுத்து அக்கட்டையின் இருமருங்கும் ஒட்டி வாசித்தார், சபையோர் மகிழ்ந்தனர். இதனை அவரே பிற்காலத்தில் சிரித்துக்கொண்டு சொல்வதுண்டு. செவிக்கு முன்னே கண் தீர்ப்பளித்துவிட்டது!

இவ்விடத்தில் பகவன் கூறிய யாழ் உவமை எம் நினைவுக்கு வருகிறது. முன்னர் யாழொலி கேட்டறியாத மன்னன் ஒருவன் அதன் இனிமையில் மயங்கி, அவ்வோசையைக் கொணர்க என்கிறான். யாழைக் கொணர்கின்றனர். “யாழ் வேண்டா, ஓசையே வேண்டும்” என்கிறான். பத்தர், போர்வைத்தோல், கோடு, நரம்பு, மீட்டும் கோல், மீட்டுவோன் முயற்சி ஆகிய யாவும் சார்ந்தே ஓசை பிறக்கிறதென அவர்கள் விளக்குகின்றனர். அவனோ யாழைப் பிளந்து, சிம்பாக்கி, எரித்து, சாம்பலைக் காற்றில் தூற்றியும் ஓசையைக் கண்டிலன். நான் என்பதை உடலிலும் உணர்விலும் தேடுவோனுக்காகச் சொல்லப்பட்ட உவமை இது. எனினும், ஓசை மரத்தினுள் ஒளிந்திருப்பதாக எண்ணி அருமரம் தேடி அலைவோனுக்கும் பொருந்தாமற்போகவில்லை.

ஐயுறுவோர்க்கு ஒரு சோதனையைச் சொல்வோம். இங்கிலாந்தின் லங்காஸ்டர் பல்கலைக்கழகத்தார் முதுகும் பக்கமும் மட்டும் வெவ்வேறு மரங்களால் ஆன ஆறு கிதார்களைச் செய்வித்து, 52 வாத்தியக்காரர்களிடம் கொடுத்தனர். கண்ணால் அறியாவண்ணம் பற்றவைப்போர் அணியும் கண்ணாடியை மாட்டி வாசிக்கச் செய்தனர். பிரேசில் நாட்டு ஈட்டிக்கும் மலிவான மரங்களுக்கும் இடையே குறிப்பிடத்தக்க உயர்வு தாழ்வு காணப்படவில்லை என 2018-இல் முடிவை வெளியிட்டனர். அவை மின்சாரமின்றி ஒலிப்பவை. மரத்துக்கு அங்கே வேலை மிகுதி. அவற்றிலேயே இந்நிலையென்றால் ஏனையவற்றைச் சொல்வானேன்?

மரத்துக்குக் குலம் கற்பித்தல் நமக்குப் புதிதன்று. அஸ்ஸலாயனன் என்னும் பிராமண இளைஞனிடம் பகவன் வினவியது யாது? உயர்குலத்தார் சந்தனக் கட்டையிற் கடைந்த தீக்கும், இழிகுலத்தார் எனப்பட்டோர் நாய்த்தொட்டி, பன்றித்தொட்டிக் கட்டையிற் கடைந்த தீக்கும் ஒளியில் வேறுபாடு உண்டோ என்பதன்றோ? மிருதங்கம் வாசிப்பவருக்குப் பொன்னாடையும், அதற்குத் தோல் பதப்படுத்தி வார்பிடித்துக் கொடுப்பவருக்கு வாசற்படியும் என்றிருந்த நிலையை நம் முன்னோர் அறிவர்.

கமரூன் நாட்டுக் கருங்காலியின் செய்தி இன்னும் கொடிது. கிதாரின் விரற்பலகைக்கு மாசற்ற கருமையே வேண்டும் என்பது உலக வணிகர் கட்டளை. வெட்டிய பின்னரன்றி உள்நிறம் தெரியாது. வரியோடிய மரங்களுக்கு விலையில்லாமையால் அவற்றை விழுந்த இடத்திலேயே மட்கவிட்டனர். 2011-இல் அங்கு ஓர் ஆலையைக் கூட்டாக வாங்கிய பாப் டெய்லர் என்னும் கிதார் உற்பத்தியாளர், கரிய மரம் ஒன்று கிடைக்க ஒன்பது மரங்கள் கைவிடப்படுவதை அறிந்து, வரியுள்ளதையும் தம் கருவிகளில் வைக்கலானார். கரிய மரம் அருகியதால் வந்த அறிவுதானே என்று குறை சொல்வாரும் உளர். இருக்கலாம், காரணம் எதுவாயினும் ஒன்பது மரங்கள் பயன்பட்டன.

இனி இளைஞரின் வினாவுக்கு வருவோம். இல்லறத்தார்க்கு விலக்கப்பட்ட ஐந்து வாணிகங்கள் படைக்கலம், உயிர், ஊன், மது, நஞ்சு என்பன. மரம் அவற்றுள் இல்லை. மரம் வெட்டலாகாதென்ற விதி பிக்குகளுக்குரியது. ஈட்டியினத்து மரங்கள் அனைத்தும் 2017 முதல் பன்னாட்டு வாணிகக் கட்டுப்பாட்டுக்கு உட்பட்டன. முடிவுற்ற இசைக்கருவிகளுக்கு 2019-இல் விலக்கு அளிக்கப்பட்டது. ஆகவே நூல்விதியையும் சட்டத்தையும் மட்டும் நோக்கினால், உரிய சீட்டோடு வந்த பலகையால் அவருக்குக் குற்றமில்லை எனலாம். ஆனால் அவர் வினவியது அதுவன்று. வரியழகைக் கண்டு மகிழ்தலை யாம் குறை கூறோம். தச்சன் கை மரத்தை வருடுவதில் ஓர் அன்பும் உண்டு. ஓசைக்காக என்று சொல்லிக்கொண்டு கண்ணுக்காக வாங்கினால், அங்கே வேட்கை தன் பெயரை மறைத்துக்கொள்கிறது. கண்ணுக்காகவே என்று ஒப்புக்கொண்டவன், அது எக்காட்டில் எவர் கையால் வீழ்த்தப்பட்டதென்று கேட்கக் கடமைப்பட்டவனாகிறான்.

இதனை அவரிடம் சொன்னபோது, “வாங்கியாயிற்றே, திருப்பிக் கொடுத்தால் மரம் முளைக்குமா?” என்றார். முளைக்காதுதான். எனினும் அவர் வணிகருக்குக் கடிதம் எழுதிப் பலகை வந்த வழியைக் கேட்டிருக்கிறார். விடை இன்னும் வரவில்லை. பலகை அவர் வீட்டுப் பரண்மேல் துணி சுற்றிக் கிடக்கிறது. குடைவு வேலை மட்டும் நடந்துகொண்டிருக்கிறது.