முதுகு காட்டும் ஆபத்து

அச்சமின்மை ஒரு நற்பண்பா? இக்கேள்விக்கு நம்மில் பெரும்பாலோர் தயக்கமின்றி 'ஆம்' என்று விடையளிப்போம். அஞ்சாதே என்று சொல்லித்தானே நம் பிள்ளைகளை வளர்க்கிறோம்? ஆயினும், அஞ்ச வேண்டிய இடத்தில் அஞ்சாது நிற்பவரை வீரர் என்பதா, பேதையர் என்பதா? இதற்கு விடை காண நூல்களை மட்டும் புரட்ட வேண்டியதில்லை. கரீபியன் கடலில் உள்ள ஒரு சிறு தீவின் கடற்கரை இக்கேள்வியை நாள்தோறும் எழுப்பிக்கொண்டிருக்கிறது.

தூய மார்ட்டினின் பெயரைத் தாங்கிய அத்தீவின் பரப்பளவு ஏறத்தாழ 87 சதுர கிலோமீட்டர்தான். 1648ஆம் ஆண்டின் உடன்படிக்கைப்படி அதன் வடபகுதி பிரான்சுக்கும் தென்பகுதி நெதர்லாந்துக்கும் உரியதாயிற்று. சின்ட் மார்ட்டன் எனப்படும் தென்பகுதியில், கடலுக்கும் காயலுக்கும் இடைப்பட்ட குறுகிய நிலத்தில், இளவரசி ஜூலியானா பன்னாட்டு விமான நிலையம் அமைந்துள்ளது. 1942இல் போர்க்கால விமானத் தளமாகத் தோன்றிய அதன் ஓடுபாதையின் நீளம் இன்று 2,300 மீட்டர். கண்டம் கடந்து வரும் பெரிய விமானங்களுக்கு இது குறைந்த நீளமே. ஓடுபாதையின் மேற்கு முனையை ஒட்டி ஒரு கம்பிவேலி. வேலியை ஒட்டி ஒரு சிறு சாலை. சாலையை அடுத்து மாஹோ கடற்கரை. இடையில் வேறு எதுவும் இல்லை.

விமானங்கள் காற்றை எதிர்கொண்டே இறங்கவும் ஏறவும் வேண்டும். அத்தீவில் பெரும்பாலும் கிழக்கிலிருந்தே காற்று வீசுகிறது. எனவே விமானங்கள் மேற்கே கடலின் மீது தாழ்ந்து வந்து, கடற்கரையில் நிற்போரின் தலைக்கு மேலாக, ஒரு பனைமர உயரத்தில் கடந்து, வேலிக்கு அப்பால் சக்கரம் பதிக்கின்றன. இக்காட்சியைக் காணவே உலகின் பல திசைகளிலிருந்தும் மக்கள் அங்கே வருகின்றனர். விமானங்கள் வந்திறங்கும் நேரங்களை ஓர் அலைச்சறுக்குப் பலகையில் எழுதி நிறுத்தி வைக்கும் வழக்கமும் அக்கடற்கரை உணவகத்தில் ஏற்பட்டது. கே.எல்.எம். நிறுவனத்தின் போயிங் 747 விமானம் 2016 அக்டோபர் வரை அங்கு வந்துகொண்டிருந்தது. நீலக் கடலின் மேல் முதலில் ஒரு புள்ளியாய்த் தோன்றி, சிறகு விரித்து, வானையே மறைத்து வரும் அப்பேருருவைக் கண்டு வியக்காத மனிதர் உண்டோ?

அந்த வியப்பை நாம் குறைகூற வரவில்லை. மெய்யியலின் பிறப்பிடமே வியப்புத்தான் என்பது அரிஸ்டாட்டிலின் கொள்கை. விமானம் பார்ப்பதையே பொழுதுபோக்காகக் கொண்டவர்களில் பலர் பொறுமைமிக்க மாணவர்கள். விமானத்தின் வகையை அறிகிறார்கள். வாலருகே எழுதப்பட்ட பதிவெழுத்துகளைக் குறித்துக்கொள்கிறார்கள். ஒரே ஒரு விமானத்திற்காக மணிக்கணக்கில் வெயிலில் காத்திருக்கிறார்கள். அறிய விரும்பும் ஆவலில் நெறிப்பட்டதும் உண்டு, நெறிதவறியதும் உண்டு எனத் தூய தாமஸ் அக்வினாஸ் பகுத்துக் காட்டினார். இவர்களுடையது நெறிப்பட்ட ஆவல் என்றே சொல்லலாம்.

ஆயின் அதே கடற்கரையில் மற்றொரு கூட்டமும் உண்டு. இறங்கும் விமானத்தைவிட ஏறும் விமானத்தையே இக்கூட்டம் எதிர்பார்க்கிறது. புறப்படும் விமானமும் கிழக்கு நோக்கியே ஓட வேண்டும். எனவே அது மேற்கு முனைக்கு வந்து, திரும்பி, கடற்கரைக்குத் தன் வாலைக் காட்டி நிற்கிறது. முன்னே குறுகிய ஓடுபாதை. அதற்கும் அப்பால் குன்றுகள். ஆகவே பெரிய விமானங்கள் பொறிகளின் விசையை மிகுதியாக்கிக்கொண்டே புறப்பட வேண்டியுள்ளது. அப்போது பின்புறம் பீறிடும் வெப்பக் காற்று மணலையும் கல்லையும் வாரி இறைத்து, நிற்பவரைத் தூக்கியெறியும் வலிமை உடையது. உடற்சேதமும் மரணமும் நேரக்கூடும் என்று எச்சரிக்கும் பலகை வேலியிலேயே இருக்கிறது. அந்தப் பலகையின் அருகிலேயே மக்கள் வேலிக்கம்பியை இறுகப் பற்றிக்கொண்டு, காற்று தம்மைத் தூக்குகிறதா என்று பார்க்க நிற்கிறார்கள். 2017 ஜூலை 12 அன்று அவ்வாறு காற்றில் தூக்கியெறியப்பட்ட சுற்றுலாப் பெண்மணி ஒருவர் உயிரிழந்தார்.

இங்கே நாம் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. தலைக்கு மேல் வரும் விமானத்தைக் கண்டு உடல் தானாகவே குனிகிறது. குழந்தைகள் காதைப் பொத்திக்கொள்கிறார்கள். ஆனால் அது பெரும்பாலும் தீங்கின்றிக் கடந்து போகிறது. புறப்படும் விமானமோ முதுகு காட்டி நிற்கிறது. நம்மைவிட்டு விலகப் போகிறது. விலகிச் செல்வது நம்மை என்ன செய்துவிடும் என்று மனம் துணிகிறது. உயிரைப் பறித்ததோ அதுவே! முகம் காட்டி வரும் ஆபத்துக்கு அஞ்ச நமக்கு யாரும் கற்பிக்க வேண்டியதில்லை. முதுகு காட்டும் ஆபத்துக்கு அஞ்சவே அறிவு வேண்டும். வள்ளுவரும் அச்சத்தின் தேவையை 'அறிவுடைமை' அதிகாரத்தில் வைத்தே பேசுவதை இங்கு எண்ணிப் பார்க்கலாம்.

2004 டிசம்பர் 26 அன்று, ஆழிப்பேரலைக்கு முன் தாய்லாந்தின் கடற்கரைகளில் கடல் பின்வாங்கியது. வெளிப்பட்ட தரையைக் காண மக்கள் இறங்கிச் சென்றார்கள். அதுவும் முதுகு காட்டிய ஆபத்தே. ஆனால் அவர்கள் அறியாமல் சென்றவர்கள். அறியாமையின்மீது பழி சுமத்துதல் நீதியன்று. மாஹோவிலோ அறிவிப்பு எழுத்திலேயே இருக்கிறது. படித்தறிந்த பின்னும் கம்பியைப் பற்றும் கைக்கு அறியாமை என்னும் அடைக்கலம் இல்லை.

"என் உயிர், என் விருப்பம், பிறருக்கென்ன?" என்று கேட்போர் உண்டு. நாம் அவர்களைத் திரும்பக் கேட்கிறோம்: உங்கள் உயிர் உங்களோடு மட்டும் முடிந்துவிடுகிறதா? வீட்டில் காத்திருப்போர் இல்லையா? விமானி தம் கடமையையே செய்கிறார். தம்மை நம்பி ஏறியோரைப் பத்திரமாக உயர்த்திச் செல்ல வேண்டிய விசையைத்தான் அவர் தருகிறார். அவர் அறியாமலே, விரும்பாமலே, அவர் கையால் ஓர் உயிர் போகும்படி செய்வது அவருக்கு இழைக்கும் அநீதியன்றோ? அருகில் நின்று பார்க்கும் சிறுவனும் நாளை அதே கம்பியைப் பற்றுவான். அறநெறி நூலார் இதனையே இடறல் என்பர். நம் செயல் மற்றொருவர் விழக் காரணமாகுமாயின், அது நம்முடைய சொந்தச் செயல் மட்டுமாகாது.

பலகை வைத்துவிட்டால் மற்றவர்களின் பொறுப்புத் தீர்ந்துவிடுமா என்பதும் கேட்கத்தக்கதே. அத்தீவு சுற்றுலாவை நம்பி வாழும் தீவு. 2017 செப்டம்பர் 6 அன்று தாக்கிய இர்மா புயல் அதன் விமான நிலையத்தையும் வீடுகளையும் சிதைத்தது. மீண்டும் எழுவதற்கு வருகையாளர்களே அதற்குத் தேவைப்பட்டார்கள். வாழ்வு தரும் கூட்டத்தைத் துரத்துவது எளிதன்று. ஆயினும் எச்சரிக்கை எழுதுவது பொறுப்பின் தொடக்கமே, முடிவன்று. கைதட்டி ஆரவாரிப்போரும், பிறர் தூக்கியெறியப்படுவதைப் படமெடுத்துப் பரப்புவோரும் அந்தப் பொறுப்பில் பங்குடையவர்கள். ஓர் அந்நியரின் தோளைத் தொட்டு, "சற்று விலகி நில்லுங்கள்" என்று சொல்வதற்கு அதிகாரம் ஏதும் தேவையில்லை. அன்பு போதும்.

துணிவு என்பது கோழைமைக்கும் கண்மூடித்தனத்திற்கும் இடையே நிற்பது என்றார் அரிஸ்டாட்டில். தீவுக்குப் பெயர் தந்த தூய மார்ட்டினின் வரலாற்றிலும் இந்த அளவறிதலைக் காண்கிறோம். குளிரில் நடுங்கிய ஏழைக்கு அவர் தம் மேலாடையை வெட்டிப் பாதியைக் கொடுத்தார். பாதியைத் தாம் போர்த்துக்கொண்டார். தாமும் குளிரில் மடிய வேண்டும் என்று அவர் எண்ணவில்லை. குளிருக்கு அஞ்சி ஏழையைக் கைவிடவும் இல்லை. தம்மைத் துன்பத்திற்கு உட்படுத்தியதற்கு ஒரு காரணம் இருந்தது. அக்காரணம் மற்றொரு மனிதர். தீயணைப்பு வீரர் நெருப்பில் நுழைவதற்கும், மீனவர் மூழ்குவோரைத் தேடிக் கொந்தளிக்கும் கடலில் இறங்குவதற்கும் காரணம் உண்டு. வேலிக்கம்பியைப் பற்றுவதற்கு அத்தகைய காரணம் எது?

காட்சிக்காக என்று சொல்வாராயின், அதுவும் பொருந்தவில்லை. பீறிடும் காற்றின் முன் கம்பியைப் பற்றி நிற்பவர் மணலுக்கு அஞ்சிக் கண்ணை மூடிக்கொள்கிறார், முகத்தைத் திருப்பிக்கொள்கிறார். பார்க்க வந்தவர் எதையும் பார்ப்பதில்லை. காற்றின் பாதையைவிட்டு நன்கு விலகி நிற்பவரோ, விமானம் ஓடுவதையும், தரையைவிட்டு எழுவதையும், குன்றுகளைத் தவிர்த்துத் திரும்பி வானில் சிறுத்து மறைவதையும் முழுமையாகக் காண்கிறார்.