அஞ்சடியும் ஈமானும்

 

மதீனாவில் பனூ ஸலிமா என்றொரு கூட்டத்தார் இருந்தனர். அவர்களுடைய வீடுகள் பள்ளிவாசலுக்கு வெகு தூரம். பள்ளியின் அருகே காலி இடம் கிடக்கவே, அங்கு குடிபெயர எண்ணினார்கள். நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் இதைக் கேள்வியுற்று, இருக்கிற இடத்திலேயே இருக்கும்படியும், அவர்கள் வைக்கும் அடிகள் பதிவாகின்றன என்றும் கூறியதாக ஹதீஸில் வருகிறது. நடப்பதற்கே நற்கூலி உண்டென்றால், பிறரை நடக்கவிடாமல் மறிப்பவன் கதி என்ன? இக்கேள்வி கடைக்காரர்களாகிய நம்மைத்தான் முதலில் பிடிக்கிறது.

சிங்கப்பூரின் பழைய கடைவீடுகளுக்கு முன்னே அஞ்சடி உண்டு. மலாய்க்காரர் காக்கி லீமா என்பர். 1822-ல் நகரத்துக்குத் திட்டம் வகுத்த ராஃபிள்ஸ் துரை, கடைவீட்டின் முன்னே தாழ்வாரம் விடவேண்டும், அது வீதி நெடுகத் தொடர்ந்து எந்நேரமும் பொதுமக்களுக்குத் திறந்திருக்கவேண்டும் என்று விதித்தார். வெயிலும் மழையும் மாறி மாறி அடிக்கும் ஊரில், தலை நனையாமல் ஒருவர் வீதி முழுதும் நடக்கலாம்! அன்று மோட்டார் இல்லை. பூமி சூடேறுகிறதென்ற கவலையும் இல்லை. இன்று அதற்கும் இந்த நிழலே மருந்தாகிறது.

நாமோ அதில் மூட்டை அடுக்கினோம். 1888-ல் நகராட்சி அஞ்சடியைக் காலி செய்ய முனைந்தபோது கடைகள் அடைபட்டன, கலகமே மூண்டது. வியாபாரி பக்கமும் நியாயம் இல்லாமலில்லை; சரக்கு கண்ணில் பட்டால்தானே விலை போகும்?

எமது கடை வாசலிலும் அரிசி மூட்டைகள் அப்படித்தான் இருந்தன. ஒரு மழை நாளில், நெடுநாள் வாடிக்கையான ஒரு மூதாட்டி வழியின்றிச் சாலையில் இறங்கி, வழுக்கி விழுந்து மணிக்கட்டை முறித்துக்கொண்டார். தூக்கிவிட்டபோது அவர் கேட்டது, “மூட்டை நனையலையே தம்பி?” நாம் வாயடைத்து நின்றோம்.

அதன் பின் அவரை மகன் காரில் கொண்டுவந்து விடுகிறார். அரை மைல் தூரந்தான். பெட்ரோல் எரிந்தால் கரியமில வாயு. அது ஆகாயத்தில் தங்கிச் சூட்டைப் பிடித்து வைக்கிறது. அந்தக் காரைச் சாலைக்குக் கொண்டுவந்தது மகனா, நம்முடைய நாலு மூட்டையா?

அரசாங்கம் 1975-லேயே நகர மையத்துள் நுழையும் கார்களுக்குக் கட்டணம் வைத்தது. 1998-ல் அது மின்னணு முறையாயிற்று. கட்டணத்தால் காரைத் தடுக்கலாம். மனிதன் நடக்க வேண்டுமாயின் நிழல் வேண்டுமல்லவா? ஆகவே 2013-ல் ஒரு திட்டம் அறிவித்து, எம்ஆர்டி நிலையங்களைச் சுற்றி 400 மீட்டர் வரை கூரைபோட்ட நடைபாதைகள் அமைத்தார்கள். கோடிக்கணக்கில் செலவழித்துப் போடும் கூரை, நம் வாசலில் இருநூறு ஆண்டாக இருக்கிறது. இதில் நமக்கு லாபமும் உண்டு. காரில் போகிறவன் கண்ணுக்கு நம் கடை தெரிவதேயில்லை, நடக்கிறவனே நின்று விலை கேட்கிறான்.

பாதையில் தொல்லை தருவதை அகற்றுவதும் ஈமானின் ஒரு கிளை என்று ஓதியிருக்கிறோம். வைத்தவனே நாமாயிருக்கும்போது அகற்றுவதில் என்ன பெருமை? மூட்டைகளை உள்ளே இழுத்துவிட்டோம். வெங்காயக் கூடைகள் இரண்டு இன்னும் வெளியேதான் உள்ளன; உள்ளே இடமில்லை என்று சொல்லிக்கொள்கிறோம். பக்கத்துக் கடைக்காரரிடம் பேச அதனால் நா எழவில்லை. வருகிற ஜும்ஆவுக்கு முன் அவற்றையும் எடுத்துவிட்டு, தொழுகை முடிந்ததும் நம் வரிசைக் கடைக்காரர்களைக் கூட்டிப் பேசலாமென்றிருக்கிறோம், இன்ஷா அல்லாஹ்.