ஆன்மா இல்லாத சாம்

'சூப்பர்நேச்சுரல்' தொடரை ஐந்து சீசன்களில் முடியும் கதையாகவே அதை உருவாக்கிய எரிக் கிரிப்கி எண்ணியிருந்தார். 2010இல் தொடரை நடத்தும் பொறுப்பு எழுத்தாளர் செரா கேம்பிளிடம் வந்தது. ஆறாவது சீசன் தடுமாறுவதாகப் பலருக்கும் பட்டது. 22 அத்தியாயங்களையும் டிவிடியில் தொடர்ந்து பார்க்கும்போதுதான் அதன் மையக் கேள்வி துலங்குகிறது: ஆன்மா என்பது எது? நரகக் கூண்டிலிருந்து ஆன்மா இல்லாமல் மீளும் பேய் வேட்டைக்காரன் சாமுக்கு அறிவோ நினைவோ குறையவில்லை. உறக்கமே தேவைப்படாத அவன் வேட்டையில் முன்னைவிடத் தேர்ந்தவன். ஆனால் அண்ணன் டீனை இரத்தக்காட்டேரி தன் இனமாக மாற்றும்போது தடுக்காமல் பார்த்து நிற்கிறான். ஆக, அடுத்தவர் வலி நம்மைத் தைக்கும் இடமே ஆன்மா என்கிறது கதை.

இப்படிப்பட்டவனால் இன்னும் பலர் பிழைக்கலாமே என்று கேட்கலாம். ஆனால் ஆன்மா திரும்பி வராதிருக்க, தந்தைபோல் இருந்த பாபியையே கொல்லத் துணிகிறான் அவன். வெறும் கணக்குக்கு யாரும் விலக்கல்ல. ஆன்மா இல்லாதவன் செய்ததற்கு யார் பொறுப்பு என்பது இதைவிடக் கடினமான மறுப்பு. ஆன்மா திரும்பிய பின், தன் நினைவிலேயே இல்லாத செயல்களுக்கும் சாம் வருந்துகிறான், பொறுப்பேற்கிறான். நீதிமன்றம் அதைக் கேட்காவிட்டாலும் அறம் கேட்கும். தேவதூதன் காஸ்டியேல் தன்னைக் கடவுளென அறிவிக்கும் முடிவு அவசரமானதுதான். ஆனாலும் முதல் பாதிக்காகவே இந்தச் சீசன் பார்க்கத் தக்கது.